பிரிமியம் கப்பலில் ஏழு இரவு: ஓர் அக்காவின் கேள்விக்கு என் பதில்

போன வாரம் சுங்கை சிப்புட்டில் என் கடைக்கு ஐசி நகல் எடுக்க வந்த அக்கா ஒருவர், கூடவே ஒரு கட்டுக் காகிதத்தையும் நீட்டினார். சிங்கப்பூரில் வேலை செய்யும் மகள், அப்பா அம்மாவின் 40-ஆவது கல்யாண நாளுக்கு ஏழு இரவு கப்பல் பயணம் எடுத்துக் கொடுத்திருக்கிறாள். சிங்கப்பூரில் ஏறி, கிள்ளான் துறைமுகம், பினாங்கு, புக்கெட் என்று சுற்றிவிட்டு மறுபடியும் சிங்கப்பூர். "பிரிமியம் கப்பல்னு போட்டிருக்கு தம்பி. நாங்க தோட்டத்து ஆளுங்க. அங்க என்ன கிடைக்கும், என்ன கிடைக்காது, கையில எவ்வளவு வெச்சுக்கணும்? நீதான் கப்பல்ல இருந்தவனாச்சே, சொல்லு" என்றார்.

கடையில் கூட்டம், பாதிதான் சொல்ல முடிந்தது. மீதியை இங்கே எழுதுகிறேன் அக்கா. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மெதுவாகப் படியுங்கள். நான் கப்பலில் இருந்தது ஒன்பது வருடம். முதல் ஐந்து வருடம் பயணிகளின் அறையைச் சுத்தம் செய்யும் வேலை, பிறகு வரவேற்பு மேசை. கப்பலைத் துடைப்பத்தோடும் பார்த்திருக்கிறேன், டையோடும் பார்த்திருக்கிறேன்.

முதலில் அந்தப் 'பிரிமியம்' என்ற சொல். அதை வைத்துத்தான் பலர் ஏமாறுகிறார்கள். சொகுசுக் கப்பல் வியாபாரத்தில் பேச்சு வழக்காக மூன்று படிகள் உண்டு. கீழ்ப்படியில் குடும்பங்களுக்கான பெரிய கப்பல்கள்: சறுக்கு, நீச்சல் குளம், கரகாட்டம் போடாத குறையாக ஆட்டம் பாட்டம், பிள்ளைகள் கூட்டம். மேல்படியில் சில நூறு பேரை மட்டும் ஏற்றும் சின்னக் கப்பல்கள்; சில்வர்சீ, சீபோர்ன் போன்றவை. அங்கே குடி, டிப்ஸ் எல்லாம் பெரும்பாலும் டிக்கெட் விலையிலேயே அடக்கம், விலையும் அதற்குத் தகுந்த மாதிரி. பிரிமியம் என்பது இரண்டுக்கும் நடுவில் இருக்கும் படி. பிரின்சஸ், செலிபிரிட்டி, ஹாலந்து அமெரிக்கா ஆகிய மூன்றையும் அந்தப் படியில் வைப்பது வழக்கம். ஹாலந்து அமெரிக்கா 1873-இல் தொடங்கிய கம்பெனி, பிரின்சஸ் 1965, செலிபிரிட்டி 1988. முதல் இரண்டுக்கும் முதலாளி கார்னிவல் குழுமம், மூன்றாவதற்கு ராயல் கரீபியன் குழுமம். அதாவது மலிவுக் கப்பல் ஓட்டுகிற அதே பெரிய கைதான் இதையும் ஓட்டுகிறது. ஒரே தோட்டக் கம்பெனியின் இரண்டு டிவிஷன் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அதனால் தங்கக் குழாயை எதிர்பார்த்துப் போகாதீர்கள். பிரிமியத்தில் நீங்கள் காசு கொடுத்து வாங்குவது பெரும்பாலும் 'இல்லாததை'. இரைச்சல் இல்லை, பிள்ளைகள் ஓட்டம் குறைவு, சாப்பாட்டுக்கு முண்டியடிப்பு குறைவு, மைக்கில் கத்துகிற ஆள் குறைவு. கூட வருகிறவர்களில் பாதிக்கு மேல் தலை நரைத்தவர்களாக இருப்பார்கள். கெந்திங் மலைக்குப் போய் வந்த கலகலப்பை நினைத்துப் போனால், மூன்றாம் நாள் அண்ணன், அதாவது உங்கள் வீட்டுக்காரர், "என்ன இப்படி செத்த வீடு மாதிரி இருக்கு" என்பார். நான் பார்த்தவரை, பிரிமியம் கப்பலில் குறை சொன்ன நம் ஆட்களில் முக்கால்வாசிப் பேர் தப்பான கப்பலில் ஏறியவர்கள்தான். உங்கள் இருவருக்கும் அது சரிப்படும் என்றே நினைக்கிறேன். எதனால் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

இப்போது காசு. டிக்கெட்டில் அடங்குவது: அறை, பெரிய சாப்பாட்டு அறையில் மூன்று வேளை, மாடியில் பஃபே, இரவு நிகழ்ச்சிகள், நீச்சல் குளம், உடற்பயிற்சிக் கூடம், துறைமுகத்துக்குத் துறைமுகம் போய்ச் சேருவது. அவ்வளவுதான். பீர், வைன், டின் பானம், நல்ல காப்பி, தனிச் சிறப்பு உணவகங்கள், இணையம், மசாஜ், துணி துவைப்பு, கரையில் சுற்றுலா எல்லாம் தனிக் காசு, அதுவும் அமெரிக்க டாலரில். ஒரு பீர் 8 டாலர் பக்கத்தில் வரும். அதன் மேல் 18 முதல் 20 விழுக்காடு சேவைக் கட்டணம் தானாக ஏறும். மலேசிய வெள்ளிக் கணக்கில் போட்டுப் பார்த்தால் அண்ணனுக்குத் தொண்டைக்குள் இறங்காது.

மகளிடம் ஒன்று கேளுங்கள்: வெறும் டிக்கெட்டா, பேக்கேஜ் சேர்த்தா? பிரின்சஸில் 'பிளஸ்', 'பிரிமியர்' என்று பேக்கேஜ் வைத்திருக்கிறார்கள். குடி, இணையம், பணியாளர் டிப்ஸ் மூன்றும் அதில் அடங்கும். செலிபிரிட்டியிலும் குடியும் இணையமும் சேர்ந்த விலை உண்டு. ஆனால் நீங்கள் இருவரும் குடிக்காதவர்கள் என்றால் குடிப் பேக்கேஜுக்குக் காசு கட்டுவது வீண். தண்ணீர், சாதாரணக் காப்பி, தேநீர் எல்லாம் சும்மாவே கிடைக்கும்.

டிப்ஸ் விஷயத்தில் மட்டும் கொஞ்சம் நிற்கிறேன். ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு 16 முதல் 20 டாலர் வரை, அறையைப் பொறுத்து, உங்கள் கப்பல் கணக்கில் தானாக ஏறிவிடும். இரண்டு பேருக்கு ஏழு நாள் என்றால் 224 முதல் 280 டாலர். டாலருக்கு 4 வெள்ளி என்று வைத்தால் ஏறக்குறைய 900 வெள்ளியிலிருந்து 1,120 வெள்ளி வரை போகிறது. "மேசையில போய்ச் சொன்னா அதை எடுத்துடுவாங்க" என்று இங்கே சில ஏஜென்டுகள் சொல்லிக் கொடுக்கிறார்கள். பல கப்பல்களில் அது உண்மையும்கூட. செய்யாதீர்கள். அறை பார்க்கிறவனுக்கும் சாப்பாட்டு மேசை பார்க்கிறவனுக்கும் அடிப்படைச் சம்பளம் ஒல்லி, டிப்ஸ்தான் சதை. ஆறு மாதம், எட்டு மாதம் ஒப்பந்தம், அதில் முழு நாள் விடுமுறை என்று ஒன்று கிடையாது. சர்வதேசக் கடல்சார் தொழிலாளர் சட்டம் ஒரு நாளைக்கு 10 மணி நேர ஓய்வு தரச் சொல்கிறது; அந்தப் பத்தையும் துண்டு துண்டாகத்தான் வாங்கித் தூங்குவோம். என் கையில் 16 அறைகள் இருந்த காலத்தில், கடைசி நாளில் மேசைக்குப் போய் டிப்ஸை எடுத்துவிட்டு வந்து, என்னிடம் சிரித்துக்கொண்டே கைகுலுக்கிய ஆட்களையும் பார்த்திருக்கிறேன். தோட்டத்தில் வேலை செய்தவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

கப்பலில் ரொக்கம் செல்லாது. ஏறும்போதே ஒரு கார்டைப் பதிந்துகொள்வார்கள், பிறகு எதற்கும் அறைச் சாவி அட்டையைக் காட்டினால் போதும் (பிரின்சஸில் அட்டைக்குப் பதிலாகப் பொத்தான் அளவில் ஒரு வில்லை, பக்கத்தில் போனாலே கதவு திறக்கும்). டெபிட் கார்டைக் கொடுக்காதீர்கள். அவர்கள் நாளுக்கு நாள் ஒரு தொகையைப் பிடித்து வைப்பார்கள். பயணம் முடிந்த பிறகும் அது பாங்கிலிருந்து விடுபட நாளாகும். மகளின் கிரெடிட் கார்டைப் பதிவது நல்லது. அல்லது மேசையில் ரொக்கத்தை முன்பணமாகக் கட்டிவிட்டு, மீதியைக் கடைசியில் வாங்கிக்கொள்ளலாம். சூதாட்ட அறையும் இதே அட்டையில்தான் ஓடும். நாலு நம்பர் லாட்டரி எடுத்துப் பழகிய அண்ணன் அந்தப் பக்கம் போனால் அட்டையை நீங்கள் வைத்திருங்கள்.

இனிப் போவதைப் பற்றி. கடப்பிதழில் பயணத் தேதிக்குப் பிறகு ஆறு மாதமாவது மிச்சம் இருக்க வேண்டும். சிங்கப்பூர் வருகை அட்டையைப் போவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் இணையத்தில் நிரப்ப வேண்டும். தாய்லாந்தும் 2025 மே 1 முதல் அதே மாதிரி ஒன்றை வைத்திருக்கிறது. கப்பல் கம்பெனி அனுப்பும் கடிதத்தில் எப்போது நிரப்பச் சொல்கிறார்களோ அப்போது செய்யுங்கள். இன்னொன்று, கூட வருகிற அண்ணனின் தங்கைக்குச் சிவப்பு ஐசி (குடியுரிமை இல்லாத நிரந்தரவாசி) என்று சொன்னீர்களே, அவருக்கு இந்தக் கணக்கே வேறு. அவர் கையில் இருப்பது எந்த நாட்டுப் பயணப் பத்திரமோ அதைப் பொறுத்து விசாவோ அனுமதியோ வேண்டியிருக்கலாம்; சிங்கப்பூருக்குள் நுழையவும், தாய்லாந்துக்கும், மலேசியாவுக்குத் திரும்பி வரவும். இதை இப்போதே பாருங்கள். துறைமுக மேசையில் அழுது திரும்பிப் போன குடும்பங்களைப் பார்த்தவன் சொல்கிறேன்.

கப்பல் கிளம்பும் நாளன்று காலையில் இங்கிருந்து பஸ் ஏறலாம் என்று நினைக்காதீர்கள். ஜொகூர் பாலத்து நெரிசலுக்குக் கப்பல் காத்திருக்காது. முந்தைய நாளே போய் மகள் வீட்டில் தூங்குங்கள். சிங்கப்பூரில் இரண்டு இடத்தில் கப்பல் ஏற்றுவார்கள்: மரினா பே பக்கம் ஒன்று, ஹார்பர்ஃபிரண்ட் பக்கம் ஒன்று. எது என்று காகிதத்தில் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

பெட்டியை வாசலிலேயே வாங்கிக்கொள்வார்கள். அது அறைக்கு வர மாலையாகிவிடும். அதனால் சர்க்கரை மாத்திரை, பிரஷர் மாத்திரை, அண்ணனின் இன்சுலின், கடப்பிதழ், மாற்று உடுப்பு ஒன்று, எல்லாம் கைப்பையில். அரசாங்க கிளினிக்கில் மருந்துச் சீட்டு ஒன்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பெட்டிக்குள் வைக்கக் கூடாதவை: இஸ்திரிப் பெட்டி, சோற்றுக் குக்கர், தண்ணீர் கொதிக்க வைக்கும் கெட்டில், மெழுகுவத்தி, ஊதுபத்தி, சூடம். சாமி படம் தாராளமாகக் கொண்டு போகலாம். நெருப்பு மட்டும் ஆகாது. கடலில் தீ என்றால் ஓடுவதற்கு இடம் இல்லை, அதனால் இதில் அவர்கள் விட்டுக்கொடுக்கவே மாட்டார்கள். வெள்ளிக்கிழமை விளக்கை மனதில் ஏற்றிக்கொள்ளுங்கள். பெட்டியை எக்ஸ்ரேயில் பார்த்து எடுத்து வைத்துவிடுவார்கள், இறங்கும்போதுதான் கிடைக்கும்.

ஏறியதும் முதல் வேலை பெரட்டு. ஆமாம், தோட்டத்தில் விடியற்காலையில் பெயர் கூப்பிட நிற்போமே, அதே பெரட்டுதான். ஆபத்து வந்தால் எந்த இடத்தில் போய் நிற்க வேண்டும், உயிர்காப்புச் சட்டையை எப்படிக் கட்டுவது என்று காட்டுவார்கள். ஏழு குட்டை ஊதல், ஒரு நீள ஊதல்: அதுதான் அடையாளம். 2012 ஜனவரியில் இத்தாலிக் கரையோரம் கோஸ்டா கொன்கோர்டியா பாறையில் மோதிச் சாய்ந்து 32 பேர் இறந்தார்கள். அன்று ஏறிய பல நூறு பேருக்கு அதுவரை பெரட்டே நடக்கவில்லை. அதற்குப் பிறகு, கப்பல் புறப்படும் முன்போ புறப்பட்ட கையோடோ இதை முடித்தே ஆக வேண்டும் என்று விதி வந்தது. இப்போது பல கப்பல்களில் தொலைக்காட்சியில் பாடம் பார்த்துவிட்டு, உங்கள் இடத்துக்கு ஒரு நடை போய்க் காட்டிவிட்டு வந்தால் போதும். தட்டிக் கழித்தால் பெயர் சொல்லித் தேடுவார்கள். தோட்டத்தில் ஆட்களை மேய்க்கும் மண்டோராக இருந்த அண்ணனுக்கு இது பிடிக்கும்.

அறை சின்னது. பால்கனி உள்ள சாதாரண அறையே 170, 200 சதுர அடிதான், நம் பழைய லயத்து வீட்டின் முன்னறை அளவு. சுவர் எஃகு, அதனால் காந்தக் கொக்கி நாலு வாங்கிப் போனால் துண்டு, பை எல்லாம் மாட்டலாம். நம் ஊர் மூன்று முனை பிளக் நுழையாது, அடாப்டர் வேண்டும்.

கழிவறையைப் பற்றி யாரும் சொல்ல மாட்டார்கள், நான் சொல்கிறேன். தண்ணீர்க் குழாய் இருக்காது, காகிதம்தான். விமானத்தில் இருப்பது போல 'ஸ்ஸ்ஸ்' என்று இழுக்கும் கழிவறை. ஒரு பிளாஸ்டிக் கப் கொண்டு போங்கள், கைகழுவும் தொட்டியில் நிரப்பிக்கொள்ளலாம். தண்ணீரைத் தரையில் மட்டும் ஊற்றாதீர்கள். அறை துடைத்தவனின் வேண்டுகோள்.

அந்த அறை துடைப்பவனைப் பற்றித்தான் நிறையச் சொல்ல வேண்டும். பிரிமியம் கப்பலின் உண்மையான சரக்கு அவன்தான். பெரும்பாலும் காலையும் மாலையும் இரண்டு தடவை வருவான் (இப்போது சில கப்பல்களில் ஒரு தடவையாகக் குறைத்துவிட்டார்கள்). இரண்டாம் நாளே உங்கள் பெயர் அவனுக்குத் தெரியும். உங்களுக்குத் தலையணை இரண்டு வேண்டுமா மூன்றா, அண்ணன் பகலில் தூங்குவாரா, எல்லாம் கணக்கு வைத்திருப்பான். நம் ஆட்களுக்கு இதுதான் கஷ்டம். வாழ்க்கை முழுக்க அடுத்தவருக்கு வேலை செய்து பழகியவர்களுக்கு, ஒருவன் வந்து தன் படுக்கையை மடித்துப் போட்டால் உடம்பு கூசும். நம் பக்கத்திலிருந்து வந்த ஓர் அம்மா, நான் வருவதற்கு முன்பே கட்டிலை விரித்து, குப்பையைக் கட்டி, குளியலறையைத் துடைத்து வைத்திருப்பார். "நீ பாவம்யா, எத்தனை ரூமுக்கு ஓடுவ" என்பார். அன்புதான். ஆனால் என் மேற்பார்வையாளர் வந்து பார்த்தபோது கட்டில் விரிப்பு எங்கள் முறையில் இல்லை. பேச்சு வாங்கியது நான். அக்கா, அந்த ஏழு நாளும் துடைப்பத்தைத் தொடாதீர்கள். உட்கார்ந்து வேடிக்கை பாருங்கள். நன்றி சொல்ல வேண்டுமென்றால் பெயரைக் கேட்டு வைத்துக்கொண்டு, கடைசியில் வரும் கருத்துப் படிவத்தில் அந்தப் பெயரை எழுதுங்கள். அடுத்த ஒப்பந்தத்துக்கும் பதவி உயர்வுக்கும் அது கைகொடுக்கும். நான் மேசைக்கு மாறியதே அப்படித்தான்.

ஆங்கிலம் வராதே என்று கவலைப்பட்டீர்கள். வேண்டாம். கப்பல் பணியாளர்களில் பிலிப்பினோக்களும் இந்தோனேசியர்களும் இந்தியர்களும் நிறைய. ஹாலந்து அமெரிக்காவில் இந்தோனேசியர்கள் ரொம்பவே அதிகம். நம் மலாய் அவர்களுக்கு நன்றாகப் புரியும். "செலாமாட் பாகி" (காலை வணக்கம்) என்று ஒரு வார்த்தை சொல்லிப் பாருங்கள், வெள்ளைக்காரர்களுக்குக் கிடைக்காத உபசாரம் உங்களுக்குக் கிடைக்கும். சமையலறையில் கோவாக்காரர்களும் மலையாளிகளும் இருப்பார்கள். தமிழ் பேசுகிறவர் யாராவது அகப்பட்டால், அவருக்கும் வீட்டு ஞாபகம் வந்துவிடும்.

சாப்பாட்டில் குறை இருக்காது, ஆனால் நம் சாப்பாடாக இருக்காது. மாலையில் பெரிய சாப்பாட்டு அறையில் உட்கார வைத்து, ஒவ்வொரு தட்டாகக் கொண்டு வந்து வைப்பார்கள். ஒரு வேளைக்கு ஒன்றரை மணி நேரம் ஆகும். பசியோடு போகாதீர்கள். பிடிக்காவிட்டால் வேறு கேட்கலாம், ஒன்றுக்கு இரண்டும் கேட்கலாம், கூடுதல் காசு இல்லை. இந்திய சைவம் கிடைக்கும்; ஆனால் பயணத்துக்கு ஒரு மாதத்துக்கு மேல் இருக்கும்போதே மகளை விட்டு எழுத்தில் சொல்லி வைக்கச் சொல்லுங்கள். ஏறியதும் சாப்பாட்டு அறைத் தலைவரைப் பார்த்து இன்னொரு தடவை ஞாபகப்படுத்துங்கள். அப்படிச் சொன்னால் முந்தின இரவே மறுநாள் பட்டியலைக் காட்டிக் கேட்பார்கள். வருவது வடக்கத்திப் பருப்பு, பன்னீர், கோபி என்று இருக்கும். சாம்பார் கேட்டால் சாம்பார் என்ற பெயரில் ஒன்று வரும். மாட்டிறைச்சி வேண்டாம் என்பதைத் தனியாகச் சொல்லுங்கள். சூப்பில் மாட்டு எலும்புச் சாறு சேர்ப்பது அவர்கள் வழக்கம். கடையில் வாங்கிய, மூடி உடைக்காத ஊறுகாய், சம்பல் பாட்டில் கொண்டு போனால் பொதுவாக ஒன்றும் சொல்ல மாட்டார்கள். வீட்டில் செய்த முறுக்கு, நெத்திலி வறுவல் பிடிபடும். கையால் சாப்பிடலாமா என்று கேட்டீர்கள். தாராளமாக. யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். கூச்சமாக இருந்தால் மாடியில் பஃபேவுக்குப் போய்விடுங்கள், அங்கே யாரும் யாரையும் பார்ப்பதில்லை.

உடுப்பு: பெரும்பாலான இரவுகளில் சுத்தமான சட்டையும் நீளக் காற்சட்டையும் போதும். ஏழு இரவில் ஒன்றோ இரண்டோ இரவு கொஞ்சம் எடுப்பாக உடுத்தச் சொல்வார்கள். கோட்டு வாடகைக்கு எடுக்க ஈப்போவுக்கு ஓட வேண்டாம். அண்ணன் நீளக் கை பாத்தேக் சட்டை போட்டால் போதும், நம் நாட்டில் அமைச்சர்களே அதைப் போட்டுக்கொண்டுதான் விருந்துக்குப் போகிறார்கள். நீங்கள் பட்டுப் புடவை கட்டுங்கள். அன்று கப்பலே உங்களைத்தான் பார்க்கும். படம் எடுக்க ஓடி வருவார்கள். எடுப்பது சும்மா, வாங்குவதுதான் காசு.

சரி, உங்கள் பெரிய பயத்துக்கு வருகிறேன். உங்கள் அம்மா ராஜுலாவில் நாகப்பட்டினத்திலிருந்து வந்த கதையைச் சொன்னீர்கள்: ஏறக்குறைய ஒரு வாரம் மேல்தளத்தில் பாயை விரித்து, வாந்தி எடுத்தபடியே பினாங்கு வந்து சேர்ந்தார் என்று. அந்த ராஜுலா 1926-இல் கட்டிய கப்பல். ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட தளப் பயணிகளை ஏற்ற அனுமதி பெற்றது, 1974-இல்தான் உடைத்தார்கள். அது திறந்த வங்கக் கடலைக் குறுக்காகக் கடந்து வந்த கப்பல். நீங்கள் போவது மலாக்கா நீரிணை வழியாக. ஒரு பக்கம் நம் நாடு, மறு பக்கம் சுமத்ரா, நடுவில் வாய்க்கால் மாதிரிக் கிடக்கும் நீர். வருடக் கடைசியில் வீசும் வடகிழக்குப் பருவக்காற்று கிழக்குக் கரையில் இருக்கும் கிளந்தான், திரங்கானு பக்கத்தைத்தான் புரட்டும். இந்தப் பக்கத்துக்கு மலை மறைப்பு உண்டு. இப்போதைய கப்பல்களுக்குப் பக்கவாட்டில் மீன் துடுப்பு போல இரண்டு இறக்கைகள் இருக்கின்றன, கப்பல் உருளுவதைப் பெருமளவு அடக்கிவிடும். செலிபிரிட்டியின் சால்ஸ்டிஸ் கப்பல் 1,22,000 டன் கணக்கு, 2,850 பேர் ஏறுகிற கப்பல், மேல்தளத்தில் நிஜப் புல்லே வளர்த்திருந்தார்கள். அதில் புல் தரையில் நடந்துகொண்டே "கப்பல் எப்ப கிளம்பும்?" என்று கேட்டவர்கள் உண்டு, கிளம்பி ஒரு மணி நேரம் ஆன பிறகு. இருந்தாலும் பயம் இருந்தால், அறையை நடுக்கப்பலில், கீழ்த்தளமாக எடுக்கச் சொல்லுங்கள். ஆட்டம் அங்கேதான் குறைவு. மூக்குப் பகுதியிலும் வால் பகுதியிலும் தூக்கித் தூக்கிப் போடும். தலை சுற்றினால் அறைக்குள் படுக்காமல் வெளியே வந்து, தூரத்தில் கடலும் வானமும் சேரும் கோட்டைப் பாருங்கள். இஞ்சி மிட்டாய் கொண்டு போங்கள். மாத்திரை வேண்டுமென்றால், பிரஷர் மாத்திரையோடு ஒத்துப்போகுமா என்று இங்கேயே டாக்டரிடம் கேட்டு வாங்குங்கள். கப்பலில் டாக்டர் உண்டு, பில்லும் உண்டு, டாலரில். அதனால் பயணக் காப்புறுதி இல்லாமல் ஏற வேண்டாம். கப்பல் பயணத்துக்கும், நடுவழியில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவதற்கும் அது செல்லுமா என்று பார்த்து எடுக்கச் சொல்லுங்கள்.

கடல் நோயை விட வயிற்று நோய்தான் கப்பலில் வேகமாகப் பரவும். வாசலில் கைக்குப் பீய்ச்சும் அந்த ஜெல் நோரோ வைரஸை அவ்வளவாகக் கொல்லாது. சோப்புப் போட்டுத் தண்ணீரில் கழுவுங்கள், சாப்பிடும் முன் ஒவ்வொரு தடவையும்.

"எங்க ஊருக்கே கப்பல்ல வரணுமா?" என்று கிள்ளானையும் பினாங்கையும் பார்த்துச் சிரித்தீர்களே, அதில்தான் விஷயம் இருக்கிறது. கப்பல் நிற்கிற இடம் கிள்ளான் பட்டணம் இல்லை, புலாவ் இண்டா. அங்கிருந்து கோலாலம்பூருக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல். வெள்ளைக்காரர்கள் எல்லாரும் இரட்டைக் கோபுரம் பார்க்க பஸ் ஏறிப் போய்விடுவார்கள். நீங்கள் இறங்காதீர்கள். அன்று கப்பல் முழுக்க உங்களுடையது. நீச்சல் குளத்துப் பக்கத்துச் சுடுநீர்த் தொட்டியில் இருவரும் தனியாக உட்கார்ந்திருக்கலாம். முழங்கால் வலிக்கு அதைப் போல ஒன்று இல்லை. பினாங்கில் சுவெட்டன்ஹாம் படகுத்துறையில் கட்டுவார்கள். மணிக்கூண்டைத் தாண்டிப் பத்து நிமிட நடையில் லிட்டில் இந்தியா, 1833-இல் எழும்பிய மகா மாரியம்மன் கோவில். கப்பலில் ஏற்ற முடியாத சூடத்தை அங்கே ஏற்றிவிட்டு, வாழையிலையில் ஒரு சாப்பாடு சாப்பிட்டுவிட்டு வந்தால், மீதி நாளைக் கப்பல் சாப்பாட்டில் ஓட்டிவிடலாம். கம்பெனியின் சுற்றுலாவுக்குக் காசு கட்ட வேண்டாம்.

புக்கெட்டில் நிலைமை வேறு. பல கப்பல்கள் பாத்தோங் கரைக்கு வெளியே நங்கூரம் போட்டுச் சின்னப் படகில் ஆட்களை இறக்கும். அலை இருந்தால் படகுக்கும் கப்பலுக்கும் நடுவில் கால் வைப்பது கஷ்டம்; முழங்காலைப் பார்த்து முடிவு செய்யுங்கள். இறங்கினால் நேரத்தில் கவனம். தாய்லாந்து நேரம் நம் நேரத்துக்கு ஒரு மணி பின்னால். கைத்தொலைபேசி தானாக மாறிக்கொள்ளும், கப்பல் மாறலாம், மாறாமலும் இருக்கலாம். இறங்கும் வாசலில் எழுதியிருக்கும் கப்பல் நேரத்தைப் பார்த்து, பழைய கைக்கடிகாரத்தில் அதை வைத்துக்கொண்டு இறங்குங்கள். கம்பெனியின் சுற்றுலா பஸ் தாமதமானால் கப்பல் நிற்கும். நீங்களாகப் போய்த் தாமதமானால் நிற்காது. கரையில் ஓடி வருகிறவர்களை மேலிருந்து கைதட்டிப் பார்ப்பது கப்பலில் ஒரு பொழுதுபோக்கு.

தொலைபேசி என்றதும் ஞாபகம் வருகிறது: கரையை விட்டதும் 'ஏரோபிளேன்' நிலையில் போடுங்கள். நடுக்கடலில் அது கப்பலின் தனி செயற்கைக்கோள் வலைக்குப் போய் ஒட்டிக்கொள்ளும். சாதாரண ரோமிங் பாஸ் அதற்குச் செல்லாது. பேரப்பிள்ளையோடு பேசிய பத்து நிமிடத்துக்கு மாதக் கடைசியில் பில் வந்து நிற்கும். பேரனைப் பார்க்காமல் முடியாது என்றால் கப்பல் இணையத்தை வாங்கிக்கொள்ளுங்கள், அல்லது பினாங்கில் இறங்கிப் பேசுங்கள்.

உங்களுக்குச் சரிப்படும் என்று முன்பு சொன்னேனே, அது எதனால் என்றால், நீங்கள் இருவரும் முப்பது வருடம் பால்மரத்துக்காக நாலரைக்கு எழுந்தவர்கள். அந்தப் பழக்கம் இன்னும் போகவில்லை என்று நீங்களே சொன்னீர்கள். பிரிமியம் கப்பலில் நள்ளிரவு ஆட்டம் சுமார்தான், விடியற்காலைதான் அருமை. ஆறு மணிக்கு மேல்தளத்தில் ஈரத்தைத் துடைத்துக்கொண்டிருக்கும் நாலு பணியாளர்களைத் தவிர யாரும் இருக்க மாட்டார்கள். முந்தின இரவே கதவில் அட்டை மாட்டினால் காப்பி அறைக்கே வரும். மகளிடம் இன்னும் மாற்ற வழி இருந்தால், குடிப் பேக்கேஜை நீக்கிவிட்டு அந்தக் காசில் பால்கனி அறை கேட்கச் சொல்லுங்கள். நான் என் காசில் போவதாக இருந்தால் அதைத்தான் செய்வேன்.

கடைசி இரவு பெட்டியைக் கட்டி, அடையாளச் சீட்டு மாட்டி, பத்து மணி வாக்கில் கதவுக்கு வெளியே வைத்துவிட வேண்டும். இரவோடு இரவாக எடுத்துப் போய் இறக்கிவிடுவார்கள். காலையில் துறைமுகத்துக் கொட்டகையில்தான் அதை மறுபடி பார்ப்பீர்கள். மறுநாள் உடுத்த வேண்டியதை வெளியே எடுத்து வைத்துவிட்டுக் கட்டுங்கள். ஒரு தடவை நம் ஆள் ஒருவர் எல்லாவற்றையும் மடித்து உள்ளே வைத்துப் பூட்டி வெளியே வைத்துவிட்டார். காலை ஏழு மணிக்கு என்னைக் கூப்பிட்டார். இடுப்பில் கைலி, மேலே ஒன்றும் இல்லை. என்னுடைய மாற்றுச் சட்டையைக் கொடுத்தேன், காற்சட்டை அவருக்கு ஏறவில்லை. கைலியும் கப்பல் கம்பெனிச் சட்டையுமாகத்தான் சிங்கப்பூர் குடிநுழைவைத் தாண்டிப் போனார். அந்தச் சட்டைக்கு என் சம்பளத்தில் பிடித்துக்கொண்டார்கள்.